பஸ்கா இரவில் பிள்ளை தானாகக் கேட்க வேண்டும்: யூத ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு நான்கு வார வழிகாட்டி

யூத ஞாயிறு பள்ளியில் ஆண்டின் பெரிய வேலை எதுவென்றால், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா விருந்துக்கு ஏழு எட்டு வயதுப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான். நான் நியூஜெர்சியில் ஒரு ஜெப ஆலயத்தில் இந்த வகுப்பை எடுக்கிறேன். பிள்ளைகள் என்னை ‘மோரா’ என்று கூப்பிடுவார்கள். எபிரேயத்தில் ஆசிரியை என்று பொருள். ஆண்டுதோறும் புதிய ஆசிரியர்களும், ‘மத்ரீக்’ எனப்படும் பதின்வயது உதவியாளர்களும் வந்து சேர்கிறார்கள். அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

இந்த வழிகாட்டியின் இலக்கு ஒன்று. விருந்து இரவில், தாளில் எழுதியிராத ஒரு கேள்வியையாவது பிள்ளை தன் வாயால் கேட்க வேண்டும். கீழே உள்ள வரிசை முழுவதும் அதற்காகவே அமைந்தது. விருந்தில் பிள்ளைகள் பாடும் ‘நான்கு கேள்விகள்’ பாட்டு நன்றாக வந்தால் மகிழ்ச்சி, ஆனால் அது இரண்டாவதுதான்.

1. தேதியைக் குறித்துப் பின்னோக்கி எண்ணுங்கள்

பஸ்கா, எபிரேயத்தில் பெசாக், நிசான் மாதம் 15ஆம் நாள் வருகிறது. யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குவதால், ‘செடர்’ எனப்படும் விருந்து அதற்கு முந்தைய அந்தியில் நடக்கும். 2026இல் அது ஏப்ரல் 1 மாலை. 2027இல் ஏப்ரல் 21 மாலை. மாதங்கள் நிலவைப் பார்த்து ஓடுவதாலும், 19 ஆண்டுகளில் 7 முறை ஒரு மாதம் கூடுவதாலும் இந்த வித்தியாசம். போன ஆண்டுப் பாடத்திட்டத்தைத் தேதி மாற்றாமல் எடுத்து வைத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும்.

பண்டிகைக்கு 30 நாள் முன்பிருந்தே அதன் சட்டங்களைப் படிக்கத் தொடங்க வேண்டும் என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தல்மூத். அந்த 30 நாள், எஸ்தர் கதையை நினைவுகூரும் பூரிம் பண்டிகையில் தொடங்குகிறது. பூரிமுக்கும் பஸ்காவுக்கும் நடுவே உங்களுக்கு நான்கு ஞாயிறு கிடைக்கும். 2027இல் அவை மார்ச் 28, ஏப்ரல் 4, 11, 18. நான்கே வகுப்புதான், ஒன்றை வீணாக்கினாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் கேட்டு முடிக்க வேண்டியதையெல்லாம் பூரிமுக்கு முன்பே கேட்டு முடித்துவிடுங்கள்.

2. ரபி எனப்படும் மதகுருவிடமும் அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

சமையலறையைப் பஸ்காவுக்காக எந்த நாளில் சுத்திகரிக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு ‘ஹமேட்ஸ்’, அதாவது புளித்த மாவுப் பண்டம், எதுவும் உள்ளே போகக்கூடாது. கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை (rye) ஆகிய ஐந்து தானியங்களில் செய்த ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் இதில் அடங்கும். ஒரு பிள்ளையின் டிபன் பையில் இருக்கும் பிஸ்கட் பொட்டலமும் கணக்குத்தான். சுத்திகரித்த மேடைமேல் யாராவது கேக் பெட்டியை வைத்துவிட்டால், அங்கே இரவெல்லாம் நின்று வேலை செய்தவர்களின் உழைப்பு பாழாகும்.

அடுத்த கேள்வி மாட்ஸா பற்றி. மாட்ஸா என்பது புளிப்பில்லாத அப்பம். பஸ்காவுக்கு முந்தைய பகலில் அதைச் சாப்பிடக்கூடாது. சிலர் நிசான் மாதப் பிறப்பிலிருந்தே, இன்னும் சிலர் 30 நாள் முன்பிருந்தே நிறுத்திவிடுவார்கள். உங்கள் சபையின் வழக்கம் எதுவோ அதைப் பொறுத்துத்தான் ஒத்திகையில் பிள்ளைகள் மாட்ஸாவைத் தின்னலாமா, கையில் மட்டும் பிடிக்கலாமா என்பது முடிவாகும்.

அரிசியும் பருப்பும் மூன்றாவது விஷயம். கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் பஸ்கா வாரத்தில் அவற்றையும் தவிர்ப்பது வழக்கம். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு வழிவந்த செபார்டி யூதர்களில் பலர் சாப்பிடுவார்கள். 2015இல் யூத மதத்தின் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு எல்லாரும் சாப்பிடலாம் என்று முடிவு சொன்னது. ஒரே வகுப்பில் மூன்று விதமான வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். “யூதர்கள் பஸ்காவில் சோறு சாப்பிட மாட்டார்கள்” என்று நீங்கள் சொல்லிவிட்டால், பாக்தாத் வழிவந்த பாட்டி ஆக்கும் சோற்றைத் தின்று வளர்ந்த பிள்ளை தன் வீடு தப்பு செய்கிறது என்று நினைத்துக்கொள்ளும்.

அலுவலகத்தில் ஒவ்வாமைப் பட்டியலை வாங்குங்கள். விருந்தில் வைக்கும் ‘ஹரோசெத்’ என்ற இனிப்புக் கலவையில் அஷ்கெனாசி முறைப்படி ஆப்பிளோடு வால்நட் சேரும். கொட்டைப்பருப்பு ஒவ்வாமை உள்ள ஒரு பிள்ளை இருந்தாலும் வகுப்பு முழுவதற்கும் பேரீச்சம்பழக் கலவைக்கு மாறிவிடுங்கள், கொட்டைப்பருப்பு எதுவும் சேர்க்காமல். அந்த ஒருவருக்கு மட்டும் தனிக் கிண்ணம் வைத்தால் விருந்து மேசையில் அந்தப் பிள்ளை தனியாகிவிடும். வெளியிலிருந்து வரும் எந்தப் பொட்டலத்திலும், யூத உணவு விதிப்படி ஆனது என்று காட்டும் கோஷர் முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், பெற்றோர் சொன்னார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் விருந்து உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பெற்றோரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் யூதராக உள்ள வீடுகள், இரண்டு வீடுகளுக்கும் மாறிமாறிப் போகும் பிள்ளைகள், அந்த வாரம் தாத்தாவை இழந்த பிள்ளை, எல்லாம் இருக்கும். விருந்து இல்லாத குடும்பத்தின் பெயரை அவர்கள் அனுமதியோடு ரபியிடம் சொன்னால் அழைக்க ஒரு வீடு கிடைத்துவிடும். விருந்தின் தொடக்கத்திலேயே “பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்” என்று அரமேயத்தில் சொல்கிறோம். அந்த வரியைச் சொல்லித்தருபவர் இதை விட்டுவிட முடியாது.

3. நாவில் வரக்கூடாத சொல், குப்பையில் போகக்கூடாத தாள்

தமிழில் வளர்ந்து இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைத் தனியாக எழுதுகிறேன். பஸ்கா, பார்வோன், யாத்திராகமம் என்ற சொற்கள் நமக்குத் தமிழ் வேதாகமத்திலிருந்து வந்தவை. கூடவே ‘பழைய ஏற்பாடு’ என்ற சொல்லும் வந்துவிடும். யூத வகுப்பில் அது கூடாது. ‘பழையது’ என்றால் அதை முடித்துவைத்த புதியது ஒன்று இருக்கிறது என்றாகிறது. மோசேயின் ஐந்து புத்தகங்களைத் தோரா என்றும், எபிரேய வேதம் முழுவதையும் தனாக் என்றும் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் கடவுளின் நான்கெழுத்துப் பெயர். ‘யெகோவா’ என்று நாம் சர்வ சாதாரணமாகச் சொல்லும் பெயரை யூதர்கள் உச்சரிப்பதில்லை. பேச்சில் ‘ஹாஷெம்’ என்பார்கள், ‘அந்தப் பெயர்’ என்று அர்த்தம். ஜெபத்தில் வேறு சொல் வரும். ஒத்திகையின்போது ஆசீர்வாத ஜெபத்தை முழுமையாகச் சொல்லலாமா, ஹாஷெம் என்று மாற்றிச் சொல்வதா என்பதை ரபியிடம் கேட்டு அப்படியே செய்யுங்கள்.

அந்தப் பெயர் எபிரேயத்தில் அச்சான தாளைக் குப்பையில் போடக்கூடாது. அதற்கென்று வைத்திருக்கும் பெட்டியில் சேர்த்து, பிறகு அடக்கம் செய்வார்கள். புதியவர் ஒருவர் ஆசீர்வாத ஜெபங்களை 20 பிரதி எடுத்து, பிள்ளைகளை அதிலேயே வண்ணம் தீட்டச் சொல்லி, கடைசியில் சாயம் சிந்திய தாள்களைக் கசக்கிக் கூடையில் போட்டார். ஒரு பாட்டி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து நீவினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஆசிரியருக்கு இதை யாரும் முன்பே சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம். வகுப்புத் தாள்களில் பெயரை அச்சிடாமல் முதல் எழுத்தும் ஒரு சிறு கோடும் போட்டு விட்டால் இந்தச் சிக்கலே வராது.

4. முதல் ஞாயிறு: விசித்திரமாக ஒன்றைச் செய்துவிட்டுக் காத்திருங்கள்

அதிகம் பேர் தவறுவது இந்த வகுப்பில்தான். நானும் முதல் ஆண்டு இங்கேதான் தவறினேன். விருந்துத் தட்டின் பெரிய படத்தை மாட்டி, எலும்பு, முட்டை, கசப்புக் கீரை, ஹரோசெத், பச்சிலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் பொருளும் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் ஒரே வாரத்தில் ஒப்பித்தார்கள். பண்டிகை முடிந்து பெற்றோரிடம் கேட்டபோது, “எல்லாப் பெயரும் சொன்னாள், ஆனால் ராத்திரி முழுக்க எதுவும் கேட்கவில்லை” என்றார்கள். பதில் கையில் இருக்கும் பிள்ளைக்குக் கேட்க என்ன இருக்கிறது?

விருந்தே அந்தக் காரணத்தால்தான் விசித்திரமாக அமைக்கப்பட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன் பச்சிலையை உப்புநீரில் தோய்த்துத் தின்கிறோம், உடனே சாப்பாடு வராது. பிள்ளைகள் பார்த்துக் கேட்கவே இப்படி. தல்மூதில் பெசாஹிம் என்ற பகுதியில் ஒரு சிறு காட்சி வருகிறது. பாபிலோனில் ரபா என்ற ஆசிரியரின் முன் இளைய அபாயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடும் முன்பே மேசையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். “நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் மேசையை எடுக்கிறார்களே?” என்கிறார் அபாயே. “மா நிஷ்தனா சொல்லும் கடமையிலிருந்து எங்களை நீ விடுவித்துவிட்டாய்” என்கிறார் ரபா. அங்கே மேசையைத் தூக்கியது பாடம்; அந்தப் பையன் தானாகக் கேட்டது பாடத்தின் பலன்.

மா நிஷ்தனா என்பது இன்று எல்லாப் பிள்ளைகளும் பாடும் ‘நான்கு கேள்விகள்’. தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பின்படி பிள்ளை தானே கேட்க வேண்டும். கேட்கத் தெரியாவிட்டால்தான் தகப்பன் இந்தக் கேள்விகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும். வகுப்பில் நாம் இதைத் தலைகீழாக்கி, கைத்தடியையே காலாக நினைத்துக்கொள்கிறோம்.

செய்யும் முறை இது. பிள்ளைகள் வரும் முன் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள். நடுவில் ஒரு மேசை, அதில் ஒரு கிண்ணம் உப்புநீர், ஒரு கட்டு பார்ஸ்லி. ஓரத்தில் ஆளில்லாத நாற்காலி ஒன்று, அதன் முன் காலிக் கோப்பை. நீங்கள் ஒரு தலையணையில் இடது பக்கம் சாய்ந்து உட்காருங்கள். “போக்கர் தோவ்” என்று வழக்கம்போல் காலை வணக்கம் சொல்லி, வருகை எடுத்து, ஒரு கிளை பார்ஸ்லியை உப்புநீரில் முக்கித் தின்னுங்கள். கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். திரும்பி வந்து சாய்ந்துகொள்ளுங்கள்.

இனிப் பேசக்கூடாது. மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். புதியவர்கள் ஐந்தாவது எண்ணிக்கைக்குள் “இது என்னன்னு யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டு எல்லாவற்றையும் கலைத்துவிடுவார்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கனமாக இருக்கும், பிள்ளைகளுக்கு அல்ல. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் வருவது பெரும்பாலும் “அது என்ன?” என்பதாக இருக்கும். அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது. போன ஆண்டு ஒரு சிறுமி காலிக் கோப்பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள், முகர்ந்தாள், வைத்துவிட்டாள். பிறகு நாற்காலியின் அடியிலும் எட்டிப் பார்த்துவிட்டு, “மோரா, இவங்க ஏன் இன்னும் வரலை?” என்றாள். அந்தக் கோப்பை தீர்க்கதரிசி எலியாவுக்கானது. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளையின் பெயரோடு, அவர்கள் சொன்ன சொற்களிலேயே பெரிய தாளில் எழுதுங்கள். திருத்தாதீர்கள். “நல்ல கேள்வி!” என்று பாராட்டாதீர்கள்; பாராட்டினால் அடுத்த பிள்ளை உங்களைச் சந்தோஷப்படுத்தக் கேட்கத் தொடங்கும். கேள்வியைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னால் போதும். அன்றைக்கு எதற்கும் பதில் சொல்லாதீர்கள்.

எல்லாம் தெரிந்த பிள்ளை ஒன்று எந்த வகுப்பிலும் இருக்கும். “எலியாவுக்கு!” என்று அது கத்தியதும் மற்றவர்களின் கேள்வி செத்துவிடும். வகுப்புக்கு முன்பே அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்குத் தெரிந்ததை நாலாவது வாரம் வரைக்கும் பத்திரமா வெச்சிரு, அன்னைக்கு நீதான் சொல்லணும்” என்று சொல்லிவிடுங்கள். கேள்வித் தாளைப் பிடித்துக்கொள்ளும் வேலையையும் அதனிடம் கொடுங்கள். ரகசியத்தைக் காப்பது ஏழு வயதில் பெரிய பதவி.

5. நான்கு கேள்விகளை எபிரேயத்தில் கற்பித்தல்: வாரம் பத்து நிமிடம்

ஒரே நாளில் முழுப் பாட்டையும் எடுக்காதீர்கள். நான்கு வாரத்திலும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள். முதல் வாரம் கேள்வி எழுதி முடிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். முன்னால் வைத்தால், கேள்வி என்றாலே பாட்டு என்று ஆகிவிடும்.

நான்கிலும் திரும்பத் திரும்ப வரும் கீல்கள் இரண்டு. ‘ஷெபெகோல் ஹலேலோத்’, மற்ற எல்லா இரவுகளிலும். ‘ஹலைலா ஹஸே’, இந்த இரவில். முதலில் இவை மட்டும். முதலாவதற்குக் கையை அகல விரிக்கட்டும், இரண்டாவதற்கு ஒரு விரலால் தரையைக் காட்டட்டும். இவ்வளவு வந்தால் பாட்டில் பாதி வந்துவிட்டது.

அடுத்த வாரம் கடைசிச் சொற்கள்: குலோ மாட்ஸா, மரோர், ஷ்தே பெயாமீம், குலானு மெசுபீன். மாட்ஸா மட்டும், கசப்புக் கீரை, இரண்டு முறை, எல்லாரும் சாய்ந்து. நடுப்பகுதியை நீங்கள் பாடுங்கள், வாலை அவர்கள் பிடிக்கட்டும். முடிவு தெரிந்திருந்தால் பிள்ளை நடுவில் தடுமாறினாலும் கரை சேரும். தொடக்கத்தை மட்டும் நன்றாகக் கற்ற பிள்ளை, இருபது பேர் பார்க்கும்போது பாதியில் நின்று அழும்.

ஒலியில் இரண்டு கவனம். ‘ஹஸே’ என்று நான் எழுதினாலும், வாயில் வர வேண்டியது தமிழின் ஸ அல்ல, தேனீ பறக்கும் ஓசை. ‘ஹமேட்ஸ்’ என்பதில் வரும் ஹ தொண்டையின் அடியிலிருந்து உரசிக்கொண்டு வரும். தாளைப் பார்த்துக் கற்காமல், ஜெபம் நடத்துபவர் சொல்லக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்து மாற்றித் தந்த தாளைப் பெற்றோருக்கு மட்டும் கொடுங்கள். வகுப்பில் கொடுத்தால் பிள்ளை எபிரேய எழுத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிடும்.

இன்னொன்று, செபார்டி வீடுகளில் தோய்ப்பது பற்றிய கேள்விதான் முதலில் வரும். “நீ தப்பாப் பாடுறே” என்று மத்ரீக் ஒரு சிறுவனைத் திருத்தியதைப் பார்த்திருக்கிறேன். அவன் தாத்தா சொல்லித்தந்த வரிசை அது. உதவியாளர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பேசவே பேசாத பிள்ளையையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகள் 22:6ஐத் தமிழ் வேதாகமம் ‘நடக்கவேண்டிய வழியிலே’ பிள்ளையை நடத்து என்று சொல்கிறது. எபிரேயச் சொல்லை அப்படியே எடுத்தால் ‘அவன் வழிப்படி’. யூத ஆசிரியர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். வாய் திறக்காத பிள்ளைக்கு ஒரு சின்ன அட்டையும் பென்சிலும் கொடுங்கள். படமாக வரைந்த கேள்வியும் கேள்விதான்.

6. இரண்டாம் ஞாயிறு: 18 நிமிடம்

மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பில் போய்விட வேண்டும், தாண்டினால் ஹமேட்ஸ். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, செய்ய வேண்டும். சமையலறைச் சுத்திகரிப்புக்கு முன் வரும் வாரம் என்பதால்தான் இது இரண்டாம் ஞாயிறில் இருக்கிறது.

கை கழுவுதல், ஏப்ரன், உருட்டுக்கட்டை, முள்கரண்டி எல்லாம் முடித்து ஒவ்வொருவரையும் இடத்தில் நிறுத்திய பிறகே தண்ணீரை எடுங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டு உருட்டுக்கட்டை தேடினால் அங்கேயே ஐந்து நிமிடம் போய்விடும். மூன்று பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர், உப்பு வேண்டாம். சப்பாத்தி உருட்டிப் பழகிய கைக்கு இது வறண்டதாகத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும், ஊறவைக்க நேரம் கிடையாது. மெல்லியதாக உருட்டி, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்தினால் உப்பாது. அடுப்பை எவ்வளவு சூடாக வைக்க முடியுமோ அவ்வளவு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கம் பெரியவர் ஒருவர் மட்டும்.

சுவரில் கடிகாரம் ஓடட்டும். பத்தாவது நிமிடத்தில் பிள்ளைகளின் குரல் உயரும், பதினைந்தில் யாராவது ஒருவர் “சரியா வரலை, இருந்தாலும் போட்டுடலாமா?” என்பார். அப்போது சொல்லுங்கள்: எகிப்தை விட்டுப் போனவர்களுக்கும் மாவு புளிக்க நேரமில்லை. ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை வகுப்பின் தொடக்கத்தில் சொல்லிவிட்டால் அது வெறும் தகவல்தான்.

இது பண்டிகை மாட்ஸா ஆகாது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். சாதாரண மாவும் வகுப்பறையும் அதற்குத் தகுதியில்லை. பஸ்காவுக்கு முன் இது தின்று தீர வேண்டும் என்று பையின்மேல் எழுதி அனுப்புங்கள். வகுப்பின் ‘ட்ஸெடகா’ எனப்படும் தர்ம உண்டியலில் சேர்ந்த காசை, ஏழைக் குடும்பங்கள் பஸ்கா உணவு வாங்குவதற்காகத் திரட்டும் ‘மாஓத் ஹித்தீம்’ நிதிக்குக் கொடுக்க இந்த நாள் பொருத்தமானது.

7. மூன்றாம் ஞாயிறு: கதையை எங்கே தொடங்குவது, வாதைகளை எங்கே வைப்பது

எகிப்திலிருந்து மக்களை வழிநடத்திய மோசேயில் தொடங்காதீர்கள். விருந்தில் வாசிக்கும் ஹகாதாவில் மோசேயின் பெயர் ஏறக்குறைய இல்லவே இல்லை. எகிப்திய அரசன் பார்வோனின் கட்டளையை மீறிக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகள் ஷிப்ராவும் பூவாவும், குழந்தை மோசே இருந்த நாணற்பெட்டியை எடுத்த பார்வோனின் மகள், இவர்களிடமிருந்து தொடங்குங்கள். “எகிப்துக்காரங்க எல்லாம் கெட்டவங்க” என்ற முடிவுக்குப் பிள்ளை வராமல் இருக்க இது உதவும். 1956க்குப் பிறகு எகிப்தை விட்டு வந்த யூதக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கு எகிப்து பாட்டியின் ஊர்.

எகிப்தின்மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளை வகுப்பின் நடுவில் வையுங்கள், கடைசியில் அல்ல. பத்தாவது, தலைப்பிள்ளைகளின் சாவு. “நான்தான் எங்க வீட்ல மூத்தவன், நானும் செத்திருப்பேனா?” என்று ஒருவன் கேட்டே தீருவான். அப்பா வாசலில் கார் வைத்துக் காத்திருக்கும்போது அந்தக் கேள்வி வந்தால், அவன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நடுவில் வைத்தால் பேச நேரமிருக்கும். அவன் உயரத்துக்குக் குனிந்து, என்ன நினைக்கிறான் என்று முதலில் கேளுங்கள். பிறகு, இது பழைய கதை, நீ பத்திரமாக இருக்கிறாய் என்பதை நேராகச் சொல்லுங்கள்.

தவளை, வெட்டுக்கிளி பொம்மைகள் கடையில் கிடைக்கின்றன. பிள்ளைகளுக்குப் பிடிக்கும், தவளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவதற்குப் பொம்மை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்குப் பதில் திராட்சைச் சாற்றில் விரலை முக்கி, ஒவ்வொரு வாதைக்கும் ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். எதிரி செத்தாலும் நம் கோப்பை முழுதாக இருக்கக்கூடாது என்பதற்காகச் சிந்துகிறோம். கடல் எகிப்தியரை மூடியபோது பாடப்போன தேவதூதர்களை, “என் கைகள் படைத்தவை கடலில் மூழ்குகின்றன, நீங்கள் பாடுகிறீர்களா?” என்று கடவுள் தடுத்ததாகத் தல்மூத் சொல்கிறது. ஏழு வயதுப் பிள்ளைகள் இதை நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். தட்டிலுள்ள பத்துச் சொட்டையும் பார்த்துக்கொண்டு அவர்கள் சும்மா இருக்கும் நேரத்தைக் குறுக்காதீர்கள்.

ஹகாதாவில் நான்கு பிள்ளைகள் வருவார்கள்: அறிவாளி, பொல்லாதவன், எளியவன், கேட்கத் தெரியாதவன். நாடகம் போடும்போது குறும்புக்காரப் பையனுக்குப் பொல்லாதவன் வேடம் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பெயர் பண்டிகை முடிந்தும் ஒட்டிக்கொள்ளும். நான்கு தொப்பி செய்து, எல்லாரும் நான்கையும் மாற்றி மாற்றிப் போட வையுங்கள்.

8. நான்காம் ஞாயிறு: ஒத்திகை விருந்து

விருந்துக்குப் பதினைந்து படிகள். எல்லாவற்றையும் செய்யலாம், ஒரே அளவு நேரம் கொடுக்க முடியாது. மொத்தம் 75 நிமிடம் என்றால் கதை சொல்லும் ‘மகீத்’ படிக்கு 30 ஒதுக்குங்கள். தலையணையை வீட்டிலிருந்து கொண்டுவர முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள்.

ஒத்திகை கெடுவதற்கு முதல் காரணம் பசி. பச்சிலை தோய்க்கும் ‘கர்பாஸ்’ படியில் பார்ஸ்லியோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, வெள்ளரி, செலரி தாராளமாக வையுங்கள். ஒரு கை தின்றுவிட்டால் கதை முடியும்வரை தாங்குவார்கள். கசப்புக்குக் குதிரைமுள்ளங்கியைத் துருவி வைக்காதீர்கள், கண்ணில் பட்டால் அழுகைதான். ரோமேன் கீரை போதும். நான்கு கோப்பைக்கும் ஒவ்வொரு வாய் திராட்சைச் சாறு.

அடுக்கிய மூன்று மாட்ஸாவில் நடுவிலுள்ளதை உடைத்துப் பெரிய துண்டைப் பிள்ளைகள் தேட ஒளித்துவைப்போம், அது ‘அபிகோமான்’. ஒருவருக்குக் கிடைத்து பதினான்கு பேர் அழாமல் இருக்க, தலைக்கு ஒன்றாகத் துணியில் சுற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒளியுங்கள். தன் பெயரில்லாததைக் கண்டவர் வாய் திறக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி.

எலியாவுக்காகக் கதவைத் திறக்கும் இடத்தில் கவனம். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் கொல்லப்பட்ட பிறகு, பல ஜெப ஆலயங்களைப் போல எங்கள் வெளிக்கதவும் வகுப்பு நேரத்தில் பூட்டியே இருக்கிறது. பிள்ளைகள் உற்சாகத்தில் நேராக வாசலுக்கு ஓடுவார்கள். வகுப்பறைக் கதவை மட்டும் திறங்கள்; நடைபாதையில் ஒரு மத்ரீக்கை நிறுத்திவையுங்கள். காவலரிடமும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது முதல் வாரக் கேள்வித் தாளை விரியுங்கள். ரகசியம் காத்த பிள்ளை பேசட்டும். ஆனால் இரண்டு கேள்விகளையாவது பதில் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள், “இதை விருந்து மேசையில் கேள்” என்று அட்டையில் எழுதி. பெற்றோருக்கு ஒரு பக்கத் தாள்: எந்தப் பக்கத்தில் பாட்டு, பிள்ளை களைத்தால் எதை விடலாம், உடனே பதில் சொல்ல வேண்டாம் என்ற வேண்டுகோள். தாளில் ‘அப்பா’ என்று அச்சிடாதீர்கள், ‘வீட்டுப் பெரியவர்’ என்று போடுங்கள்.

9. பண்டிகைக்குப் பிந்தைய வகுப்பு

திரும்பி வந்ததும் “பாட்டு நல்லாப் பாடினியா?” என்று கேட்காதீர்கள். மறந்துபோன பிள்ளை அங்கேயே சுருங்கிவிடும். “அன்னைக்கு என்ன கேட்டே?” என்று கேளுங்கள். கூடவே, “யாருக்கும் பதில் தெரியாத கேள்வி ஏதாவது இருந்துச்சா?” என்றும். விருந்துக்குப் போக முடியாத பிள்ளை இருந்தால், முதலில் அதனிடம் ஒத்திகை விருந்தைப் பற்றிக் கேளுங்கள்.

சொல்வதை அப்படியே, பெயரும் ஆண்டும் போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். என் நோட்டில் போன ஆண்டின் கடைசி வரி, காலிக் கோப்பையை முகர்ந்த அதே சிறுமியுடையது: “கதவைத் திறந்தப்போ குளிர்காத்து வந்துச்சு, பாட்டி அழுதாங்க. ஏன் மோரா?” பாட்டியிடமே கேட்டுவிட்டு வந்து சொல்லும்படி அனுப்பினேன்.